‘சிரிப்பு’ என்று எழுதிய கைக்கு

பணி நிறைவு பெறும் நகர்மன்றக் கூட்டக் குறிப்பெழுத்தர் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் அன்போடும் அதைவிட அதிக வெட்கத்தோடும் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

சொன்னதைச் சொன்னபடி எழுதிய செம்மையே! சொல்லாத சொல் ஒன்றைக்கூடச் சேர்க்காத சீர்மையே! முப்பத்து நான்கு ஆண்டுகள், ஐந்து தலைவர்கள், நானூறுக்கும் மேற்பட்ட கூட்டங்கள், அவற்றில் நடந்த அத்தனை வாதங்கள், வசைகள், வாக்குறுதிகள், கொட்டாவிகள் எல்லாவற்றையும் ஒரு பென்சில் முனையில் பிடித்து வைத்த பெருமாட்டியே! நாங்கள் முதுகுக்குப் பின்னால் ‘வரிக்கு வரி’ என்று பட்டப்பெயர் வைத்தபோதும், அது காதில் விழுந்தபோதும், விழாதது போல் நடந்த பெருந்தன்மையே! எங்கள் அக்காவே! வணக்கம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இந்த அலுவலகத்தில் பணி நிறைவு மடல் என்று ஒன்று தட்டச்சுப் பிரிவின் மூன்றாவது இழுப்பறையில் பல ஆண்டுகளாக இருக்கிறது. ‘கடமை வானின் கதிரவனே, கனிவுக் கடலின் கலங்கரையே’ என்று தொடங்கும். பெயருக்கு ஒரு கோடு, ஆண்டுக்கு ஒரு கோடு. யார் ஓய்வு பெற்றாலும் அந்தக் கோடுகளை நிரப்பிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்துவிடுவோம். குழாய்ப் பிரிவில் முறுக்கு மீசையோடு இருந்த பெரியவருக்கு, அவருக்கு முன் ஓய்வு பெற்ற மருத்துவச்சி அம்மாவின் மடலை மாற்ற மறந்து, ‘தாயுள்ளம் கொண்ட தகைசால் நங்கையே’ என்று வாசித்துக் கொடுத்தோம். அவரும் கண் கலங்கி வாங்கிக்கொண்டு போய்க் கூடத்தில் மாட்டினார். இன்றுவரை அவர் மனைவி அதைக் காட்டித்தான் வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறாராம்.

அந்த மடலைத்தான் வழக்கப்படி திங்கட்கிழமை தலைவர் அலுவலகத்துக்கு ஒப்புதலுக்கு அனுப்பினோம். ஒப்புதலும் வந்தது. மேடையில் நடு நாற்காலியில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்கள் கையில் வைத்திருக்கும் நகல் அதுதான். இப்போது வாசிக்கப்படுவது வேறு. இதை எழுதியவனும் வாசிப்பவனும் தட்டச்சன். குற்றம் என்று எதுவும் வந்தால் முதலில் என் தலையில் விழட்டும். ஆனால் ‘நாங்கள்’ என்று சொல்லும் இடமெல்லாம் கூடிப் பேசி, ஒப்புக்கொண்டு எழுதியது.

கூர்மையின் குணக்குன்றே! உங்கள் மேசை எங்கள் கண்ணுக்குள் நிற்கிறது. மன்றக் கூடத்தில் தலைவர் நாற்காலிக்கு இடப்பக்கம், ஒரு கால் குட்டையான சின்ன மேசை. அந்தக் காலுக்கு அடியில் மடித்து வைத்த பழைய நிகழ்ச்சி நிரல். கூட்டம் தொடங்கக் கால் மணி நேரம் முன்பே வந்து நான்கு பென்சில்களைப் பிளேடால் சீவுவீர்கள். சீவிய தூளை ஒரு பழைய உறையில் வாரிப் போட்டுக்கொள்வீர்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீருக்கு எழுந்தபின், பேசியவர் ஒவ்வொருவரிடமும் நோட்டோடு போய் நிற்பீர்கள். “நீங்க சொன்னது இதுதானே? படிக்கறேன், கேளுங்க” என்பீர்கள். பலர் “அதெல்லாம் சரியாத்தான் இருக்கும், விடும்மா” என்று கையை வீசிவிட்டுப் போவார்கள். நீங்கள் விடமாட்டீர்கள். கேட்டு ஒப்புக்கொண்டவரிடம் பக்க ஓரத்தில் ஒரு சுருக்கொப்பம் வாங்குவீர்கள்.

எங்களுக்கு இதெல்லாம் வீண் வேலையாகத் தெரிந்தது. ஏனென்றால், அக்கா, உங்கள் நோட்டை யாரும் படிப்பதில்லை என்று எங்களுக்குத் தெரியும். மன்றத்தின் அதிகாரப்பூர்வக் கூட்டக் குறிப்பு எது? தட்டச்சுப் பிரிவிலிருந்து வருவதுதானே! அந்தத் தட்டச்சுக் குறிப்பு எப்போது தயாராகும்? கூட்டம் நடந்த பிறகா? இல்லை. கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பே! பொருள் ஒன்று, இன்னார் முன்மொழிந்தார், இன்னார் வழிமொழிந்தார், ஒருமனதாக நிறைவேறியது. பொருள் இரண்டு, ஒருமனதாக நிறைவேறியது. கூட்டம் முடிந்த நேரத்துக்கு மட்டும் ஒரு கோடு விட்டு வைப்பேன். பதினெட்டு ஆண்டுகள் இந்தக் கையால் தட்டியிருக்கிறேன். மக்கள் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு அனுப்பி வைத்த இருபத்தோரு பேர் என்ன பேசப் போகிறார்கள், எதை எதிர்ப்பார்கள் என்பது அவர்கள் வாய் திறப்பதற்கு நான்கு நாள் முன்பே எங்கள் இயந்திரத்துக்குத் தெரிந்திருந்தது. இதைவிடப் பெரிய அவமானம் ஒரு மன்றத்துக்கு என்ன வேண்டும்? ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவர்கள் உட்காரும் இடம் இது. உண்மையில் அது ஒரு பொம்மைக் கொலு. அதில் பொம்மைகளை அடுக்கி வைத்தவர்கள் நாங்கள்.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருகிறோம். சபையில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் சபையில் எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.

பதினான்காவது பொருள். பேருந்து நிலையத்தின் புதிய கூரைப் பணி முடிந்ததாக ஏற்றுக்கொள்ளுதல். கட்டியவர் தலைவர் அவர்களின் மைத்துனர். அதுவும் ஊரறிந்த ரகசியம். மேலாளர் பொருளைப் படித்து முடித்ததும், சுவரோரம் எங்களோடு உட்கார்ந்திருந்த இளநிலைப் பொறியாளர் எழுந்தார். கூப்பிடாமல் ஓர் ஊழியர் மன்றத்தில் எழுந்து நின்றதை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைப் பிரித்துத் தலைவர் மேசைமேல் வைத்தார். ஒரு முழ நீளத்துக் கம்பித் துண்டு. அதன்பின் நடந்ததை எங்கள் சொல்லில் சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. உங்கள் நோட்டின் நகலிலிருந்தே வாசிக்கிறோம்.

‘பொறியாளர்: ஐயா, தூணுக்குள்ள போட்டிருக்கற கம்பி இதுதான். வரைபடத்துல சொன்னதுல பாதிகூட இல்ல. இந்தக் கூரை நிக்காது. நல்லா இருக்குன்னு நான் எழுதித் தர மாட்டேன்.

தலைவர்: எங்க, குடு பாப்போம். (கம்பியை இரு கையாலும் வளைக்கிறார்.) பாருங்கப்பா, இந்த வயசுலயும் நம்ம கையில எவ்வளவு பலம்!

(சிரிப்பு)

பொறியாளர்: ஐயா, அதுக்குக் கீழ ஜனங்க நிப்பாங்க.

தலைவர்: நிக்கத்தானேப்பா கட்டியிருக்கோம்? உக்காரு, உக்காரு. அடுத்தத படிங்க.

(மீண்டும் சிரிப்பு)’

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பொறியாளரின் சுருக்கொப்பம் இருக்கிறது. நீங்கள் நோட்டோடு தலைவரிடமும் போனீர்கள். “நீங்க சொன்னது இதுதானே ஐயா?” என்று கேட்டீர்கள். “சிரிச்சதக்கூடவா எழுதுவாங்க? போம்மா, வேலையப் பாரு” என்றார் அவர். அது உங்கள் வேலைதான் என்பது அவருக்குத் தெரியவில்லை.

சிரித்தது யார் யார் என்று உங்கள் நோட்டில் இல்லை. நீங்கள் நல்லவர், ஒரு சொல்லில் மூடிவிட்டீர்கள். நாங்கள் சொல்கிறோம். உறுப்பினர்கள் மட்டும் சிரிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த நாங்களும் சிரித்தோம். தலைவர் சிரித்தார், அதனால் சிரித்தோம். கம்பி வளைந்தபோது, அது கம்பியில்லை, நாளைக்கு யாரோ ஒருவரின் எலும்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினெட்டு ஆண்டுகளாகத் தலையாட்டிப் பழகிய கழுத்துகளுக்கு அது எப்படித் தோன்றும்!

ஏழு மாதம் கழித்து, மழை பெய்த ஒரு பிற்பகல் மூன்று மணிக்குக் கூரை விழுந்தது. மழைக்கு ஒதுங்கி நின்ற நடத்துநர் ஒருவர் அங்கேயே இறந்தார். தூணோரம் கடை போட்டிருந்த பழக்கடை அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் போயிற்று. மறுநாள் தலைவர் அவர்கள் மாலையோடு மருத்துவமனைக்குப் போனார், புகைப்படக்காரரோடு. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்தோம். பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம்.

புகைப்படம் எடுக்காமல் போனவர் நீங்கள் ஒருவர்தான். அந்த அம்மா எங்களிடம் சொல்லித்தான் தெரியும். உங்களிடம் அவர் சொன்னதையும் அவரே எங்களிடம் சொன்னார். “நாந்தாம்மா அவருக்கு ஓட்டுப் போட்டேன். எங்க தெருவுல படுத்த படுக்கையா இருந்த கிழவியக்கூட நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போய்ப் போட வச்சேன். நல்லவரு, நம்ம ஆளு, செய்வாருன்னு நாலு பேருகிட்ட நாந்தான் சத்தியம் பண்ணுனேன். கால் போனதுகூடப் போகட்டும். அந்த நாலு பேரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

அக்கா, இதைக் கேட்ட அன்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. கால் இழந்தவர் வெட்கப்படுகிறார். காலை எடுத்தவர்கள் மாலை மரியாதையோடு வலம் வருகிறார்கள். நம்பியவர் தலை குனிகிறார். நம்பிக்கையை விற்றவர் நிமிர்ந்து நடக்கிறார். வேலியே பயிரை மேய்ந்தது மட்டுமில்லை, பயிர்தான் வேலியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இந்த அநியாயத்தைக் கேட்டும் கொதிக்காதவன் மனிதனா? நாங்கள் கொதித்தோம். ஆனால் மூடி போட்டுக் கொதித்தோம். வெளியே ஒரு சொட்டு சிந்தவில்லை.

விசாரணை வந்தது. யார் பொறுப்பு என்ற கேள்வி வந்தது. தலைவர் அவர்கள் கை காட்டியது இளநிலைப் பொறியாளரை. “மேற்பார்வை பார்த்தவர் அவர். ஒரு வார்த்தை சொல்லி எங்களை எச்சரிக்கவில்லை. எச்சரித்திருந்தால் விட்டிருப்போமா?” என்று பத்திரிகைக்காரர்களிடம் கலங்கிய குரலில் சொன்னார். பொறியாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவர் மகனைப் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் ‘கூரை’ என்று கூப்பிடுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை. அப்பாவிடம், “நீ ஏம்ப்பா சொல்லல?” என்று கேட்டிருக்கிறான். சொன்னார் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சாட்சி உங்கள் நோட்டு.

நெஞ்சுரத்தின் நிறைகுடமே! தலைவர் உங்களை அறைக்கு அழைத்த அன்று வெளியே இருந்த நாங்கள் எல்லாவற்றையும் கேட்டோம். கதவு சரியாகச் சாத்தாது என்பது உங்களுக்கும் தெரியும்.

“அந்த நோட்டக் குடும்மா.”

“அது மன்றத்தோட நோட்டு ஐயா. எனக்கும் சொந்தமில்ல, உங்களுக்கும் சொந்தமில்ல.”

“மன்றம்னா யாரு? நாந்தானே?”

“இல்லைங்க ஐயா. உங்களுக்கு முன்னாடி நாலு பேரு அந்த நாற்காலியில உக்காந்திருக்காங்க. நாலு பேரும் இதையேதான் கேட்டாங்க.”

அந்தப் பக்கத்தை மட்டுமாவது மாற்றி எழுதச் சொன்னார். வேறு ஒரு பென்சில்கூட எடுத்துக் கொடுத்தார். நீங்கள் அதே நாளில், அலுவலக நேரத்துக்குள், நோட்டை விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டும் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். வழியில் கடையில் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு வந்ததாகவும் நினைவு. வீட்டில் தீர்ந்துவிட்டது என்றீர்கள்.

அடுத்துத்தான் எங்கள் முறை வந்தது. மேலாளர் ஒவ்வொருவராகத் தலைவர் அறைக்குள் அழைத்தார். மேசைமேல் ஒரு தாள். ‘மேற்படி கூட்டத்தில் எச்சரிக்கை எதுவும் சொல்லப்படவில்லை. குறிப்பெழுத்தர் தனிப்பட்ட காழ்ப்பினால் பின்னர் எழுதிச் சேர்த்துள்ளார்.’ இந்தத் தாளைத் தட்டச்சு செய்ததும் நான்தான். தலைவர் ஒன்றும் மிரட்டவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான். பதினான்கு பேர் உள்ளே போனோம். பதினான்கு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். வெளியே வந்தவர் உள்ளே போகிறவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நீங்கள் என் மேசைக்கு வந்தீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கையெழுத்துப் போட்டுட்டியாப்பா?”

“ஆமாக்கா.”

“தேதி போட்டியா?”

“இல்லக்கா.”

“போட்டிருக்கணும்ப்பா. எதுல கையெழுத்துப் போட்டாலும் தேதி போடணும். இத்தன வருஷமா இங்க இருந்து இதுகூடவா தெரியல?”

இதைச் சொல்லிவிட்டுப் போய் உங்கள் பென்சிலைச் சீவினீர்கள். அக்கா, வாழ்க்கையில் நான் வாங்கிய அறைகளில் அதுதான் பலமானது.

அந்தப் பதினான்கு கையெழுத்தின் பலத்தில் உங்களுக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. மன்றக் கூடத்திலிருந்து உங்களைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினார்கள். வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டிய அறை, வளர்ப்பு நாய்களுக்கு உரிமம் வழங்கும் பிரிவு. அவமானப்படுத்துவதாக நினைத்தார்கள். பதினொரு மாதம் அங்கே உட்கார்ந்து, ஒவ்வொரு நாயின் நிறம், வயது, காதின் வடிவம், குணம் எல்லாவற்றையும் அதே ஒழுங்கோடு எழுதினீர்கள். ‘அந்நியரைக் கண்டால் குரைக்கும். தெரிந்தவரைக் கண்டாலும் குரைக்கும்’ என்று ஒரு நாயைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தோம். எங்களைவிட அது மேல். நாங்கள் யாரைக் கண்டும் குரைக்கவில்லை.

இப்போது எங்கள் வாயால் வர வேண்டிய ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இழுப்பறை மடலை விட்டுவிட்டு இதை எழுதினோம்.

விசாரணை அதிகாரி முன்னால் இன்று இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. ஒன்று உங்கள் நோட்டு. மற்றொன்று நான் தட்டிய அதிகாரப்பூர்வக் கூட்டக் குறிப்பு, பதினான்காவது பொருள் எந்த விவாதமும் இல்லாமல் ஒருமனதாக நிறைவேறியது என்று சொல்வது. தலைவர் அவர்களின் முழு வழக்கும் அந்தக் குறிப்பின்மேல்தான் நிற்கிறது. அந்தக் குறிப்பு எப்படி உருவானது என்று சொல்கிறேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வியாழக்கிழமையே அதைத் தட்டி முடித்துவிட்டேன். பதினான்காவது பொருளை வழிமொழிந்தவர் ஒன்பதாம் வட்ட உறுப்பினர் என்று போட்டேன். நாம் எல்லோரும் ‘ஆமோதிப்பார்’ என்று அழைத்த பெரியவர்தான். எந்தத் தீர்மானமாக இருந்தாலும் அவர்தான் வழிமொழிவார், ஆகவே என் விரல்கள் தாமாகவே அவர் பெயரை அடிக்கும். வெள்ளிக்கிழமை இரவு அவர் மாரடைப்பில் காலமாகிவிட்டார். திங்கட்கிழமை காலையில் அவசர அவசரமாக முதல் பக்கத்தை மட்டும் மாற்றினேன். ‘மறைந்த ஒன்பதாம் வட்ட உறுப்பினருக்கு இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது’ என்று பொருள்களுக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன். மற்றப் பக்கங்களைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று தோன்றவில்லை. மீதி இருபது உறுப்பினர்களும் மேலாளரும் தலைவரும் ஒருவர்கூடப் படிக்காமல் கையெழுத்திட்டார்கள்.

எனவே இந்த நகர்மன்றத்தின் முத்திரை குத்திய ஆவணத்தில், முதல் பக்கத்தில் அஞ்சலி பெற்ற மனிதர், ஆறாம் பக்கத்தில் எழுந்து நின்று கூரையை வழிமொழிகிறார்! உயிரோடு இருந்தவர் ஒருவர் எழுந்து நின்று கத்தியது அதில் இல்லை. இறந்தவர் ஒப்புதல் கொடுத்தது இருக்கிறது. இதுதான் எங்கள் மக்களாட்சி. இதற்குத்தான் அந்தப் பழக்கடை அம்மா படுக்கையில் கிடந்த கிழவியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இத்தனை நாளும் இது யார் கண்ணிலும் படவில்லை. எனக்கு மட்டும் தெரியும். குறிப்பு விசாரணைக்குப் போன அன்றே கவனித்தேன். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். உங்களைக் கீழ்த்தளத்துக்கு இறக்கிய அன்றும் மூடிக்கொண்டேன். பொறியாளர் மகனைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்றும் மூடிக்கொண்டேன். என்னை மன்னியுங்கள் என்று கேட்கமாட்டேன். நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், அது எனக்குச் சுலபமாகப் போய்விடும். இந்த விவரத்தை என் கைப்பட எழுதி, இன்று காலை விசாரணை அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மாண்புமிகு தலைவர் அவர்களே, தங்களுக்கும் ஒரு வார்த்தை. தாங்கள் எழுந்து போக விரும்பினால் தடுக்க நாங்கள் யார்? ஆனால் வாசலுக்குப் போகும் வழியில் முதல் வரிசையில் பழக்கடை அம்மா அமர்ந்திருக்கிறார். கால் நீட்டி உட்கார வசதியாக அவருக்கு இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம். கொஞ்சம் பார்த்துக் கடந்து போகவும். தங்களை நாங்கள் வெறுக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தங்களைவிட அதிகமாக எங்களை வெறுத்தோம். தங்களுக்கு ஐந்தாண்டுதான் கொடுத்தார்கள். அதையும் மக்கள் வேண்டுமென்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எங்களுக்கு ஓய்வு பெறும்வரை கொடுத்தார்கள். திருடன் வீட்டுக்குள் நுழைந்தால், கதவைத் திறந்துவிட்ட காவல்காரனை என்ன சொல்வது?

அருமை அக்காவே! பதினான்கு பேர் கையெழுத்திட்ட அந்தத் தாளை, நாங்கள் இதனால் திரும்பப் பெறுகிறோம். அதில் உள்ளது பொய். பொறியாளர் எழுந்தார், எச்சரித்தார், நாங்கள் கேட்டோம், கேட்டுவிட்டுச் சிரித்தோம். பதினான்கு பேரில் பதின்மூன்று பேர் இப்படி எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் நோயாளித் தாயார், கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் என்றார். அவரைக் கோபிக்காதீர்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும். மன்னிக்கவும் அக்கா, நாங்கள் கோபித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவர் இப்போது இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார். பேனா இன்னும் மேசைமேல் இருக்கிறது.

சால்வை போர்த்துவது வழக்கம், போர்த்துவோம். கடிகாரம் கொடுப்பது வழக்கம், அதையும் வாங்கியிருக்கிறோம். ஆனால் உங்கள் பணிப் பதிவேட்டில் ‘ஒழுங்கீனம், விசாரணை நிலுவையில்’ என்று ஒரு வரி கிடக்கும்போது, இந்தக் கூடத்தில் யாருக்கும் கை தட்டும் அருகதை கிடையாது. எனவே இன்று யாரும் கை தட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அந்த வரி அடிக்கப்பட்ட பின் தட்டுவோம், கை சிவக்கத் தட்டுவோம்.

நலம் நிறைந்து, நோய் குறைந்து, பேரன் பேத்திகளின் பேச்சை எல்லாம் வரிக்கு வரி எழுதிவைத்து அவர்கள் பெரியவர்களான பின் படித்துக்காட்டி மடக்கும் அளவுக்கு நீண்ட ஆயுளோடு நீங்கள் வாழ வேண்டும். உங்கள் கண் பார்வை மங்காமல் இருக்க வேண்டும். இந்த ஊர் உங்களைப் போன்ற இன்னொருவரைப் பெறும்வரை உங்களை விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும். இவை எங்கள் வாழ்த்துகள்.

விசாரணை புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு. நீங்கள் சொல்வது பொய் என்று நிரூபிக்க அன்று ஐந்து வழக்கறிஞர்கள் வருகிறார்கள் என்று கேள்வி. பொறியாளரும் நீங்களும் மட்டும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள் என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பதின்மூன்று பேரும் அன்று தற்செயல் விடுப்பு கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். தலைவர் அவர்கள் மேசைமேல் இருக்கின்றன. அவர் கையெழுத்திட்டாலும் வருவோம், இடாவிட்டாலும் வருவோம். உங்கள் வீட்டு வாசலில் ஒன்பதரைக்கு நிற்போம். தனியாகக் கிளம்பிவிடாதீர்கள், அக்கா.

இங்ஙனம்,
ஊழியர்களாக அல்ல, சாட்சிகளாக:

தட்டச்சர்
உதவித் தட்டச்சர்
பதிவறைக் காப்பாளர்
பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர்
குழாய்ப் பிரிவு மேற்பார்வையாளர்
குழாய்ப் பொருத்துநர்
தெருவிளக்கு மின்பணியாளர்
சுகாதார ஆய்வாளர்
வரைவாளர்
அஞ்சல் பிரிவு எழுத்தர்
ஓட்டுநர்
அலுவலக உதவியாளர்
மன்றக் கூடத்தின் கதவு திறப்பவர்

(பதினான்காவது கோடு விடப்பட்டுள்ளது.)